மணலில் நீ கேட்டதற்குப் பதில்

ஸ்ரீரங்கம்
2-11-1961

சௌபாக்கியவதி அமிர்தத்துக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே யாவரும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டுமென்று ரெங்கநாதரைக் கேட்டுக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன். கூச்சிங்கில் உன் வீட்டிலிருந்து திரும்பி ஒரு மாதமாகிறது, கப்பல் தலைசுற்றல் நின்றுவிட்டது. காவேரி கரை தொட்டு ஓடுகிறது, ஜீயபுரம் பக்கம் வாழையெல்லாம் சாய்ந்துவிட்டதாம். உன் அண்ணன் அழகர்சாமியும் அண்ணி வள்ளிக்கண்ணுவும் வேலைக்குப் போய்விட்டால் மாலைவரை வீட்டில் என் இருமல் மட்டும்தான் கேட்கும். அவர்கள் மேல் குறை சொல்வதாக நினைத்துவிடாதே.

நீங்கள் இருவரும் என்னைக் கூட்டிப்போன ஆமைத் தீவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். முட்டையை யாரும் எடுத்துவிடாமல் சர்க்கார் காவல் போட்டிருக்கிறது என்றேன். வெற்றிலைக் கடை அழகிரி, ஆமை பார்க்கவா சார் கப்பலேறினீங்க, நம்ம தெப்பக்குளத்துல எட்டிப் பார்த்தா போதாதா என்று சிரித்தான். மகளைப் பார்க்கப் போனேனப்பா என்று சொல்ல வந்தவன், வெற்றிலையை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

அந்த இருட்டு மணலில் பேசினால் ஆமை பயந்து கடலுக்குத் திரும்பிவிடும் என்று காவலாள் நம்மை அடக்கி வைத்திருந்தார் அல்லவா. அது முட்டையிடத் தொடங்கியதும், இனி மெதுவாகப் பேசலாம் என்று அவர் சொன்னதை மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார். அப்போதுதான் நீ என் காதருகே, அப்பா, இங்கேயே எங்களோட இருந்துடுங்களேன் என்றாய். நான் உதட்டில் விரல் வைத்து ஆமையைக் காட்டினேன். வகுப்பில் பிள்ளைகளை அடக்கிப் பழகிய விரல். நீ அப்புறம் கேட்கவேயில்லை, வேண்டாமென்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது ஆமைக்காக இல்லை அம்மா. பெண் கொடுத்த வீட்டில் அப்பன் போய்க் குடியிருப்பதா என்ற கூச்சம். ஊர் என்ன சொல்லும், மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்று ஒவ்வொன்றாக யோசித்து முடிப்பதற்குள் ஆமை குழியை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டது. உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்னை அவ்வளவு யோசிக்க விட்டிருக்க மாட்டாள்.

நேற்று நீ கேட்டதை அழகர்சாமியிடம் சொன்னேன். போங்கப்பா, இங்க இருந்தும் அமிர்தம் போட்டோவைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கீங்க என்றான். கோபமா, இரக்கமா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஆகையால் இப்போது பதில் எழுதுகிறேன். வருகிறேன். நீ ஏதோ அந்த நேரத்தில் தோன்றிக் கேட்டிருந்தால் அதையும் எழுதிவிடு, நான் வருத்தப்பட மாட்டேன். இல்லை, வருத்தப்படுவேன், ஆனாலும் எழுதிவிடு. மாப்பிள்ளை தம் கையால் ஒரு வரி சேர்த்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு. இருவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு உனக்கு உறையூரில் ஒரு புடவை எடுத்தேன். கடைக்காரர் பார்சல் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா,
தங்கையன்