மஞ்சள் நூல் ஓரம்

காலையிலிருந்து எதிலும் கை ஓடவில்லை. தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். பீரோவின் அடித்தட்டிலிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்து முகர்ந்த பிறகுதான் எனக்கு என்ன ஆகிறது என்று புரிந்தது. மிஷின் ஆயில், மஞ்சள் போட்டு வேகவைத்த கோழிக்கால் சோறு, மழையில் நனைந்த நாய், எல்லாம் கலந்த வாடை. உன் அறைக் கதவைத் திறந்தால் அடிக்குமே, அதே வாடை. கவரில் இருப்பது உன் டி-சர்ட்டில் பாதி. மற்றப் பாதி போன ஞாயிறு அவனோடு மூலனூருக்குப் போய்விட்டது.

ஆமாம், உன் கால் ஒடிந்த நாய்க்கு வீடு கிடைத்துவிட்டது. இன்று துணியோடு போய்ப் பார்க்கிற ஞாயிறு. பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்தால் இப்போதே கிளம்பிப்போய் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்க லைன் வீட்டுக்கு நீ குடிவந்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னேன். "ஏனுங்க, நாய் பூனையெல்லாம் இங்க ஆகாதுங்க." நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாய். தூத்துக்குடிப் பக்கத்து டெய்லர், துணிக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின், ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாள் பனியன் கம்பெனி, யாருக்கும் தொந்தரவில்லாத பெண் என்று என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். அந்த மாதமே ஓர் அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாய். என்ன அது என்றேன். "நூலு" என்றாய். பெட்டிக்குள் நூல் மியாவ் என்றது. நீ சிரிக்காமல் நின்ற நிற்பைப் பார்த்து எனக்குத்தான் சிரிப்பு வந்து தொலைத்தது.

ஒரே வயது நமக்கு. ஒரே கம்பெனியில் நீ தைக்கிற லைனில், நான் செக்கிங் டேபிளில். 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டிருந்த நான் சீக்கிரமே "ஏம்புள்ள" என்று இறங்கிவிட்டேன். நீ முதல் நாளிலிருந்தே "ஏட்டி"தான்.

அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்து போனார்கள். கம்பெனி வேனில் அடிபட்டவன், சாயப்பட்டறைச் சுவரோரம் கண் திறக்காமல் கிடந்தவர்கள், குடிமாறிப் போனவர்கள் வாசலிலேயே விட்டுப்போன வெள்ளைப் பூனை. யாருக்கும் நீ பேர் வைக்கவில்லை. ஆணென்றால் "எய்யா", பெண்ணென்றால் "எம்மா", அவ்வளவுதான். ஏன் என்று கேட்டதற்கு, "பேரு வைக்கது போற வீட்டுக்காரங்க பாடு. நாம யாருட்டி அதுக்கு?" என்றாய். உடம்பு தேறியதும் ஊசி போட்டு, ஆபரேஷன் முடித்து, வேன் டிரைவரைப் பிடித்து அவர் ஸ்டேட்டஸில் போட்டோ போட வைப்பாய். கேட்டு வருகிறவர்களை உட்கார வைத்து நீ கேட்கிற கேள்விகளைக் கண்டு, பெண் பார்க்க வந்தவர்களைக்கூட இப்படி யாரும் குடைய மாட்டார்கள் என்று கிண்டல் செய்வேன். சங்கிலி போட்டுக் கட்டுவீர்களா, ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள், வீட்டில் யாருக்காவது பிடிக்காமல் இருக்கிறதா.

பிறகு அந்தத் துணி வேலை. வந்து சேர்கிற ஒவ்வொன்றுக்கும் கட்டிங் வேஸ்டிலிருந்து ஒரு துண்டு விரிப்பாய். அது போகிற நாளில் துண்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அதோடு அனுப்புவாய். அடுத்த ஞாயிறு மற்றப் பாதியோடு நீயே போவாய். துணியை முகர்ந்துவிட்டுத் தன் புது ஆட்களிடமே திரும்பிப் போனால் அது அந்த வீட்டுப் பிள்ளை. உன் காலடியில் வந்து உட்கார்ந்துவிட்டால் பேசாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது, கொஞ்சக் கூடாது. திரும்பி வருகிற பாதித் துணி அதற்கப்புறம் உன் மிஷின் துடைக்கிற துணி.

பொங்கலூருக்குப் போன செவலைக்குட்டியை மறக்க முடியுமா? அவர்கள் போன் செய்து, "ஏனுங்க, இது சோத்தையே மோந்து பாக்க மாட்டீங்குதுங்க" என்றார்கள். எல்லாம் ஒரே வெள்ளை பனியன் துணி. அப்போது கூடவே இருந்த கருப்புக்குட்டிக்கு விரித்த துண்டை வெட்டி இதோடு அனுப்பிவிட்டிருந்தாய். லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி, சரியான துணியைக் கொண்டுபோய்ப் போட்டாய். அன்று சாயங்காலமே சாப்பிட்டதாம். மறுநாளிலிருந்து மிச்சம் விழுகிற நூல் கோன்களையெல்லாம் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தாய். ஒவ்வொன்றின் துணிக்கும் ஒரு நிறத்தில் ஓரம் அடித்தாய். மூலனூருக்குப் போன இவனுக்கு மஞ்சள்.

இவன் வந்தது மழைக்காலத்தில். பின்னங்கால் நசுங்கி, அதைத் தூக்கியபடியே நின்றான். வேஸ்ட் துணி ஒன்றும் காயவில்லை என்று நீ படுக்கும்போது போடுகிற பெரிய டி-சர்ட்டையே பிரித்து விரித்தாய். அது செக்கிங்கில் ஓட்டை கண்டுபிடித்து நான் தள்ளிய பீஸ். செகண்ட்ஸில் வாங்கிப் போட்டுக்கொண்டு, "நீ வேண்டாம்னு தள்ளுனதுட்டி இது, என்ன கொறச்சல் சொல்லு" என்று என் முன்னாலேயே சுற்றுவாய். கால் ஆறியது, ஆனால் நேராகவில்லை. கேட்டு வந்தவர்களெல்லாம் அவன் நடப்பதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அதனால் எல்லோரையும்விட அதிக நாள் உன்னோடு இருந்தவன் அவன்தான்.

உனக்கு நெஞ்சு வலி வந்த அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு உன் அண்ணனுக்குச் சொல்லியாச்சா என்று கேட்பாய் என நினைத்தேன். நீ நாயைப் பற்றிப் பேசினாய். "அவனுக்கு ஒரு வீடு பாருட்டி. நீ வச்சுக்கிடாத. ஒண்ண வச்சுக்கிட்டேன்னா அடுத்து வாரதுக்கு எடம் எங்க இருக்கு?" சரி என்றேன். நோயாளியைச் சமாதானப்படுத்தச் சொல்கிற சரி அது. நீ பிழைத்து வந்து நீயே பார்த்துக்கொள்வாய் என்றுதான் இருந்தேன். நீ வரவில்லை.

உன் அண்ணன் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். நூல் கோன் பையும் அவனும் என்னிடம் நின்றுபோனார்கள். கம்பெனி விடுகிற நேரத்துக்கு நம் வீட்டு கேட்டில் போய் நிற்பான். வேனிலிருந்து நான் மட்டும் இறங்குவேன். எனக்குப் பின்னால் பார்ப்பான். எனக்கு அது ஒவ்வொரு நாளும் வலித்தது, ஆனாலும் அவன் அங்கே நிற்பது எனக்கு வேண்டியிருந்தது. உன்னைத் தேடுகிற இன்னோர் ஆள் அந்த வீட்டில் இருக்கிறான் அல்லவா? என் வீட்டுக்காரர்கூட, "இருந்துட்டுப் போகட்டும் உடு. யாரு கேக்கப் போறாங்க" என்றார். யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கக்கூடிய நீயும் இல்லை. அதுதான் என்னை இருக்கவிடவில்லை.

டிரைவரிடம் சொல்லி போட்டோ போட்டேன். மூலனூரிலிருந்து ஒரு முருங்கைத் தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். உன் கேள்விகளையெல்லாம் கேட்டேன். ஒன்றுக்காவது தப்பாகப் பதில் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். சங்கிலி பற்றிக் கேட்டபோது அந்தம்மா, "தோட்டம் பூராவும் அவனுதுதானுங்க, எதுக்குங்க சங்கிலி" என்றார். கால் விந்துமே என்று நானாகவே சொல்லிப் பார்த்தேன். "இருந்துட்டுப் போகுதுங்க" என்றார். கத்தரிக்கோலை எடுப்பதைத் தவிர எனக்கு வழியில்லை. உன் டி-சர்ட்டை நடுவில் வெட்டினேன். பனியன் துணியின் குணம் தெரியுமே, வெட்டிய ஓரம் உடனே சுருண்டுகொண்டது. நீ அடித்த மஞ்சள் ஓரம் மட்டும் நேராக இருந்தது.

சரி, நேரமாகிவிட்டது. போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன். அவன் என் காலடியில் உட்கார்ந்துவிட்டால் உன் சட்டப்படியே நான் கூட்டிக்கொண்டு வரலாம். அப்படித்தான் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போகிறேன். நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

வந்துவிட்டேன்.

தோட்டத்து கேட்டைத் தள்ளியதும் மரங்களுக்கு நடுவிலிருந்து மூன்று காலில் ஓடி வந்தான். என் சேலையைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தான். மண்ணில் உட்கார்ந்து துணியை நீட்டினேன். மூக்கைப் புதைத்தவன் எடுக்கவேயில்லை. என்னால் அடக்க முடியவில்லை. "கண்ணு, ஊட்டுக்குப் போலாமா?" என்று கேட்டுவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். பிறகு துணியை வாயில் கவ்வி இழுத்தான். நான் விடவில்லை. உன்னுடையது என்று என்னிடம் மிச்சமிருந்தது அதுதான், எப்படி விடுவேன்? துணி நீண்டுகொண்டே போனது. அவன் உறுமவில்லை, விளையாடவும் இல்லை. நான் விடும்வரை பிடித்தபடி நின்றான். விட்டேன். விந்தி விந்தி மோட்டார் ரூம் நிழலுக்குப் போனான். அங்கே ஒரு சாக்கின் மேல் மற்றப் பாதி கிடந்தது. அதன் பக்கத்தில் இதையும் போட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டின் மேலும் படுத்துக்கொண்டான்.

"டேய் துரை, அதக் குடுத்துருடா, அக்கா எடுத்துட்டுப் போகோணும்" என்றார் அந்தம்மா. துரை என்றதும் அவன் வால் மண்ணைத் தட்டியது.

"இருக்கட்டுங்க. அவனுதுதானுங்க" என்றேன்.

தாராபுரம் தாண்டும்வரை உங்கள் இரண்டு பேர் மேலும் கோபமாக வந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். நீ செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. வீட்டுக்காரர் நாயும் இல்லாமல் துணியும் இல்லாமல் வந்த என்னைப் பார்த்துவிட்டு டீ போடப் போனார்.

கம்பெனி ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஒரு குட்டி கத்திக்கொண்டே கிடக்கிறது என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார். இடமில்லை, பார்க்கலாம் என்று தட்டிக்கழித்து வந்தேன். இன்றைக்குப் பின்பக்கத் தாழ்வாரத்தைக் கூட்டிவிட்டு வந்து பார்த்தால், இடம் இருக்கத்தான் இருக்கிறது. நாளை கட்டிங்கில் ஒரு துண்டு கேட்க வேண்டும். உன் மிஷினில் இப்போது பீகார்ப் பெண் ஒருத்தி. எனக்கு இந்தி வராது, அவளுக்குத் தமிழ் அரைகுறை. துணியையும் நூலையும் நீட்டினால் ஓரம் அடித்துக் கொடுப்பாள்.

உன் கோன் பையைத் தரையில் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்த நிறம் என்று இன்னும் முடிவாகவில்லை. மஞ்சளை மட்டும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். அது துரையுடையது.