தாழ்ப்பாள் உட்புறமே இருக்கும்

அனுப்புநர்:
கட்டட மேஸ்திரி (பெண்),
மேற்பார்வை: தையல் கூடம், மாடி.
(என் பெயரும் முகவரியும் தங்கள் கோப்பில் உள்ளன. இந்த மனு பல மேசைகளைத் தாண்டி வர வேண்டியிருப்பதால் இங்கே எழுதவில்லை. எங்களில் சிலரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.)

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
கட்டட அனுமதிப் பிரிவு.

பொருள்: குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்காகக் கட்டிய காப்பகத்தில், அறைக் கதவுகளின் தாழ்ப்பாளை வெளிப்புறம் மாற்றச் சொல்லும் உத்தரவை ரத்து செய்து குடிபுகும் சான்றிதழ் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆய்வாளரின் குறைபாட்டு அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் இருபத்திரண்டு வருடமாகக் கட்டட வேலை செய்கிறேன். ஒன்பது வருடம் செங்கல் சுமந்த பிறகுதான் கரணையைக் கையில் எடுக்க விட்டார்கள். மனு எழுதிப் பழக்கமில்லை. தையல் கூடத்தில் துணியின் பிசிறு வெட்டும் பெண், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். தொழில் புத்தி, என் பேச்சிலும் பாதியை வெட்டிவிடுகிறார். மீதியில் மரியாதைக் குறைவு ஏதும் இருந்தால் அது என்னுடையது.

2. மேற்படி கட்டடத்துக்கு நிலம் கொடுத்தவர் தையல் கூடத்து முதலாளியம்மா. செலவில் பாதி அரசு நிதி. மறுபாதிக்காகக் கூடத்துப் பெண்கள் ஒன்றரை வருடம் வாரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்தார்கள். தப்பி வந்த பெண்களே எனக்குச் சித்தாள் வேலை பார்த்தார்கள். பன்னிரண்டு அறை, ஒரு சமையலறை, ஐந்து குளியலறை. சுவரில் ஒரு விரிசல் காட்டினால் தொழிலை விட்டுவிடுகிறேன்.

3. சென்ற மாதம் தங்கள் ஆய்வாளர் வந்தார். பூச்சு வேலையைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார். அதற்காக நன்றி. பிறகு கீழ்க்கண்டவாறு எழுதிக் கொடுத்தார்: எல்லாத் தாழ்ப்பாளும் தவறான பக்கத்தில் உள்ளன, வெளிப்புறம் மாற்றவும். சாவி பொறுப்பாளரிடம் மட்டுமே இருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் உள்ளே எவரும் இருக்கக் கூடாது. எலி, கரையான் தடுப்புக்கு ஏற்பாடு செய்யவும்.

4. கரையான் எங்கள் பெண்களை என்ன செய்யும் என்று புரியாமல் மூன்று முறை தங்கள் அலுவலகத்துக்கு நடந்தேன். மூன்றாம் முறை கோப்பு அறை அம்மாள் எங்கள் கோப்பை எடுத்துக் காட்டினார். அது ஆவணக் காப்பகம், பொருள் காப்பகம் ஆகியவற்றின் கோப்புக் கட்டுக்குள் இருந்தது. காகிதத்தையும் தட்டுமுட்டுச் சாமானையும் பூட்டி வைக்கும் இடத்துக்கு உண்டான விதிகளை எங்களுக்குப் போட்டிருக்கிறீர்கள்.

5. இதில் எங்கள் தவறும் உண்டு, மறைக்கவில்லை. விண்ணப்பத்தில் "கட்டடத்தின் பயன்பாடு" என்ற கட்டம் தீப்பெட்டி அளவுகூட இல்லை. "வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான தற்காலிகக் காப்பகம்" என்று நான் சொன்னதை, பிசிறு வெட்டும் பெண் வழக்கம்போல் வெட்டி, "காப்பகம்" என்று மட்டும் எழுதிவிட்டார். இந்தப் பத்தியை வெட்டமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் எழுதுகிறார். ஆனால் ஐயா, வரைபடத்தில் தங்கள் அலுவலகத்தில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆவணங்களுக்கு எதற்குச் சமையலறை, எதற்கு ஐந்து குளியலறை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

6. தவறைச் சுட்டிக் காட்டியபோது, திருத்தம் செய்யப் புது விண்ணப்பம் வேண்டும், ஆறு மாதம் ஆகும் என்றார்கள். எழுத்தர் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, தாழ்ப்பாள மாத்துறது அரை நாள் வேலை. சான்றிதழ் கைக்கு வந்ததும் பழையபடி மாத்திக்கங்க. யாரு வந்து பார்க்கப் போறாங்க?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். வேலை அரை நாள்தான் என்பதும் உண்மை. ஆனாலும் மாற்ற மாட்டேன்.

7. காரணம் சொல்கிறேன். எங்களோடு இருக்கும் ஒரு பெண்ணைப் பட்டன் என்று கூப்பிடுவோம், பட்டன் தைப்பவள். அவள் கணவன் வேலைக்குப் போகும்போதெல்லாம் வெளியே தாழிட்டுப் போவான். இரண்டு வருடம் அப்படி. முதல் கதவு மாட்டிய அன்று, உள்ளே போய்த் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா பார் என்று அவளை அனுப்பினேன். போட்டாள். திறக்கவில்லை. பயந்துபோய், "என்னம்மா, மாட்டிக்கிச்சா?" என்று தட்டினேன். "இல்லக்கா, நல்லா விழுது. சும்மாதான் இருக்கேன். கொஞ்ச நேரம் யாரும் தட்டாதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் கீழே போய்ச் சிமெண்டு குழைத்தேன். என் கையும் ஒரு காலத்தில் அடைத்த கதவைத் தட்டித் தட்டி வீங்கிய கைதான். அதே கையால் பன்னிரண்டு கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் முடுக்கச் சொல்கிறீர்கள். அரை நாளுக்கு என்றாலும் முடியாது. எனக்குக் கோபம் வருகிறது, அதையும் பதிவு செய்துகொள்ளவும்.

8. இப்போது ஒன்பது பெண்களும் ஆறு குழந்தைகளும் தையல் மெஷின்களுக்கு நடுவே படுக்கிறார்கள். மாடிக் கதவு வெறும் பிளைவுட் பலகை. சென்ற வாரம் ஒருத்தியின் கணவன் கூடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். தெருவின் எதிர்ச் சாரியில் இரண்டு நாளாக நின்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய் ஆறு மாதம் பொறுத்துக்கொள் என்று சொல்லத் தங்கள் அலுவலகத்தில் யாராவது முன்வந்தால் நாங்களும் பொறுக்கிறோம்.

9. ஆகவே ஆய்வாளரின் உத்தரவை ரத்து செய்து, புது விண்ணப்பம் கேட்காமல் எங்கள் கோப்பைக் குடியிருப்புக் கட்டுக்கு மாற்றி, சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைக் காட்டினால்தான் சுற்றுச்சுவருக்கான கடைசித் தவணை நிதியும் வரும்.

10. வரும் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு, சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடிபுகுகிறோம். திருட்டுத்தனமாக அல்ல, முன்கூட்டியே தெரிவித்துவிட்டு. அபராதமோ வழக்கோ உண்டென்றால் என் பெயரில் மட்டும் போடவும். தங்கள் அலுவலர்கள் நடவடிக்கை எடுக்க வருவதானால் தாராளமாக வரலாம். ஒவ்வோர் அறைக் கதவையும் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். திறப்பதா வேண்டாமா என்பதை உள்ளே இருப்பவள் முடிவு செய்வாள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும், ஆனால் அதற்காகக் காத்திருக்காத,
(கையொப்பம்)
கட்டட மேஸ்திரி

நாள்: இம்மாதம் நான்காம் தேதி
இடம்: எழுதுவதற்கில்லை