செவலையைக் கட்டிய ஆரஞ்சு மரம்

வடகவுஞ்சி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை

எங்க வீட்டுக்காரர் கடைசியா நட்ட ஆரஞ்சு மரம். காயெல்லாம் இப்பத்தான் மஞ்சளாகுது. அதை வெட்டிட்டு, டூரிஸ்ட்டுங்க கார் நிறுத்த இடம் பண்ணணுமாம் கொழுந்தனுக்கு. வெள்ளனே ரம்பத்தோட ஆளைக் கூட்டிவந்து நிக்கிறான். செவலைப் பசுவைக் கொண்டுபோய் அந்த மரத்துல கட்டிட்டேன். என்னைத் தவிர யார் கிட்டப் போனாலும் உதைக்கும்.

"மதினி, மாட்டை அவுருங்க. ஆளுக்கு வேற சோலி இருக்கு."

"இதைக் கறந்து காட்டுங்க தம்பி. ரம்பத்தை நானே எடுத்துத் தாரேன்."

ரம்பக்காரன் சிரிச்சிட்டான். அந்த ரோஷத்துல கொழுந்தன் வாளியோட உக்காந்தான். இப்ப வாளி ஓடையில நெளிஞ்சு கெடக்கு. அவன் இடுப்புக்குத் தேய்க்கிற தைல வாசம் இங்க வரைக்கும் வருது.

செவலையை நான் அவுக்கல. குளிருக்குச் சாக்கு போத்திட்டு வந்தேன். நாளைக்கும் வருவானாம். வரட்டும், இன்னொரு வாளி இருக்கு.