நீ நேர்ந்த சட்டியும் மதினியின் மௌனமும்

என் அன்பு அண்ணே,

பங்குனி மூன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு பத்து. வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். அதில் இருவர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. காரணம் நீ.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். மதினி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எழுந்து நடந்தால் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாய். மதினி எழுந்து நடந்துவிட்டார். நீதான் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய், எழுந்திருக்கவில்லை. போன வருஷம் தீட்டு என்று விட்டுவிட்டோம். இப்போது தலைத்திவசமும் முடிந்துவிட்டது. இனிச் சாக்கு இல்லை.

"ஒம் புருசன் ஒனக்காக நேந்தது. நீதான் எடுக்கணும்" என்றாள் அம்மா.

"அவுகளே போயிட்டாக. இனி யாருக்கு அத்தை சட்டி?"

நீ ஞாயிறுதோறும் போய்வந்த தியான வகுப்புக்கு இப்போது மதினி போகிறார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "கண்ண மூடி உக்காந்தா நேந்தது தீந்துருமாக்கும்?"

"கையச் சுட்டுக்கிட்டா மட்டும் மனசு ஆறிருமா?"

அன்றோடு பேச்சு நின்றது.

நான் வேதியியல் படித்துவிட்டுப் பட்டாசுக் கம்பெனியில் பாதுகாப்பு பார்க்கிறவன். ஒரு கலவையில் இரண்டு பொருளை ஒரே நேரத்தில் மாற்றினால், எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. நீ அதைத்தானே செய்தாய்? வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை தியானம். கடைசி வருஷம் நீ அமைதியாக இருந்தாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதனால்? சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

நானே சோதித்துப் பார்த்தேன். போன மாதம் பக்கத்து ஊரில் சட்டி எடுத்தார்கள். எல்லோரும் ஆத்தாவைக் கூப்பிட்டு அழுகிறார்கள். என் கண் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் நைலான் சேலைகள் மீதே இருந்தது. "கொஞ்சம் தள்ளி நடங்க" என்றேன். ஒரு பெரியம்மா திரும்பினார்: "ஏலே, ஆத்தா வாரா, நீ என்னலே டிராபிக் போலீசா?"

அடுத்து மதினியோடு தியான வகுப்பு. மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். கவனித்தேன், கந்தக வாடை ஏதும் வருகிறதா என்று.

ஒரு வழி நெருப்பைக் கையில் ஏந்து என்கிறது. மற்றது கையில் இருப்பதையெல்லாம் விடு என்கிறது. நெருப்பே வராமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன் எங்கே போவது?

ஆனால் அன்று வகுப்புக்குள் போகுமுன் ஒன்று நடந்தது. கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்குள் போகுமுன் வாசலில் உள்ள செப்புத் தகட்டில் உள்ளங்கையை அழுத்துவோம். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். தியானக் கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என்னை அறியாமல் இரும்புக் கேட்டில் கையை அழுத்திக்கொண்டு நின்றுவிட்டேன்.

"உள்ள என்ன மருந்தா கலக்குறாக தம்பி?" என்றார் மதினி. சிரித்தார், அண்ணே. நீ போன பிறகு முதல் தடவையாக.

திரும்பும் பஸ்ஸில் அவராகவே சொன்னார்: "சட்டிய நீங்க எடுங்க. நான் கூட நடக்கேன். ஆனா குலவை போடமாட்டேன், வாயே தொறக்கமாட்டேன்."

அம்மாவிடம் சொன்னேன். "பேசாம வந்தா ஆத்தாவுக்கு எப்படிலே கேக்கும்?" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே குரல் வந்தது: "செருப்புப் போடாம வரச் சொல்லு."

எந்த வழி சரி என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது. தெரிந்துகொண்டுதான் செய்ய வேண்டும் என்றால் பொங்கல் முடிந்துவிடும். ஆகவே:

1. கோயிலில் பொங்கல் சாட்டி நாள் அறிவித்ததும் விரதக் காப்புக் கட்டிக்கொள்வேன்.

2. எனக்குப் பருத்தி வேட்டி, மதினிக்குப் பருத்திச் சேலை. பின்னால் ஒரு வாளி மணல் வரும். அம்மா திட்டட்டும்.

3. சட்டியைத் தூக்குமுன் வெறுந்தரையில் உள்ளங்கையை அழுத்துவேன். அது பக்தியா, தியானமா என்று யாரும் கேட்க வேண்டாம். பிறகு தூக்குவேன். கோயில் வாசல் வரை கீழே வைக்கமாட்டேன்.

உன் சட்டியைச் சுமக்கப்போகிற
உன் தம்பி