கெய்னைக் குறைத்த பிறகு

வெள்ளிக்கிழமை இரவு, நமுனுகுல

நாளைக்குப் பதுளையில் எங்கள் டெத் மெட்டல் பேண்டின் முதல் நிகழ்ச்சி. தூக்கம் வரவில்லை.

இன்று பண்டாரவளையில் கடைசி ஒத்திகை. வீட்டில் தனியாக வாசிக்கும்போது என் கிட்டார் உறுமலில் எங்கள் தோட்டத்து லயன் வீட்டுச் சுவரே அதிரும். பெடலில் ஒலியைக் கரகரப்பாக்கும் கெய்னை முழுதாக ஏற்றி, ஆம்பில் நடுத்தர ஒலிகளுக்கான மிட்டை அடியோடு இறக்கி வைத்திருந்தேன். டிரம்ஸ் தொடங்கியதும் அத்தனையும் வெறும் இரைச்சலாகக் கரைந்துபோனது.

"அக்கா, நீ வாசிக்கிறதே கேக்கல," என்றான் டிரம்ஸ் அடிக்கும் என் தம்பி ரமேஷ்.

மனமில்லாமல் கெய்னைப் பாதியாகக் குறைத்து மிட்டை ஏற்றினேன். கிட்டாரின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, கனமாக விழுந்தது. இத்தனை மாதமாக நான் தேடிய சத்தம் இதுதான். ஆனால் இரண்டாவது பாட்டின் வேகமான இடத்தில் என் விரல்கள் பின்தங்குவதும் தெளிவாகக் கேட்டது. இத்தனை நாள் இரைச்சல் அதை மறைத்திருந்தது.

ரமேஷ் நிறுத்தினான். "எப்பவுமே இப்பிடித்தான் வாசிக்கிறியா?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. கிளம்பும்போது யாரும் பார்க்காமல் கெய்னைப் பழையபடி ஏற்றிவிட்டேன்.

சற்று முன்பு ஆம்ப் இல்லாமல் அதே இடத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். அறைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ரமேஷின் குரல் வந்தது.

"நாளைக்கு அந்த எடத்துல கொஞ்சம் மெதுவா அடிக்கவா அக்கா?"

"வேணாம்டா."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எழுந்துபோய்ப் பெடலில் கெய்னைத் திரும்பவும் பாதிக்கு இறக்கினேன். விரல்கள் வலிக்கின்றன. இன்னும் ஒருமுறை வாசித்துப் பார்க்கிறேன்.