மாப்பிள்ளை இல்லாத பாஸ்போர்ட்

12 செப்டம்பர் 2006, செவ்வாய்

பாஸ்போர்ட் விசாரணைக்கு இன்று காலை போலீஸ்காரர் வந்தார். நான் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஒம்பதாவதோட நின்ன பொண்ணு பிரான்சுக்கு எதுக்குப் போவுது? மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டியா?" என்று சிரித்தார். எங்கள் தெருவில் பெண்கள் பாஸ்போர்ட் எடுப்பது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போகத்தான்.

"ஆமாங்க, அவ அத்த அங்க பாத்து வச்சிருக்காங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

அத்தை பாரீசில் ஒரு விளையாட்டு அரங்கைப் பெருக்கித் துடைக்கிறாள். நவம்பரில் அங்கே பல நாட்டுப் பெண்கள் பனித்தரையில் சறுக்கி ஆடும் போட்டி. அதைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளையை அவள் சேர்த்தாளா, அம்மா சேர்த்தாளா, தெரியவில்லை.

வெளியே வந்தேன். "மாப்பிள்ளை இல்ல சார். ஐஸ்ல ஆடுற போட்டி பாக்கப் போறேன். பாத்துட்டு வந்துடுவேன். அப்படியே எழுதிக்குங்க." ஒரே மூச்சில் முழுதாகச் சொன்னேன்.

"வாயே தொறக்காதுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்களே" என்றபடி எழுதிக்கொண்டார்.

அம்மா அதிலிருந்து என்னோடு பேசவில்லை. நவம்பர் வரைக்கும் பேசாமல் இருக்கட்டும். பேசாமல் இருப்பதில் இந்த வீட்டில் யாரும் என்னை ஜெயிக்க முடியாது.