புகைக்குள் ஆட்டிய கை

அக்கா,

இன்று காலை தாவணியைத் துவைக்க எடுத்தேன். அதில் ஈர வைக்கோல் புகையின் வாசனை இருந்தது. நேற்றுதான் இந்த வருஷத்து முதல் புகைமூட்டம் போட்டோம். சோப்பு போட்டு இரண்டு தடவை கசக்கியும் வாசனை போகவில்லை. மூன்றாவது தடவை கசக்க மனம் வரவில்லை. அப்படியே பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தை பிறந்து நான்கு நாள் ஆகிறது. மாந்தோப்பு முழுக்கப் பூ எடுத்திருக்கிறது. பனியும் இந்த வருஷம் அதிகம். பூங்கொத்தில் பனி கோத்து நின்று, அதன்மேல் வெயில் சுரீரென்று விழுந்தால் பூ கருகிப்போகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோப்பு வேலைக்கு நான் புதிதாக வந்தபோது எல்லோருக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டு, கருகிய கொத்து ஒன்றை என் உள்ளங்கையில் உதிர்த்துக் காட்டியவள் நீதான். டீத்தூள் மாதிரி இருந்தது. "பாத்தியா? இது அத்தினியும் மாங்கா. ஒரு காலைல பூடுச்சு" என்றாய்.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது, உனக்குப் பதினேழு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். எழுத்தெல்லாம் எனக்கு நன்றாக வரும். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால்தான் தொண்டை அடைத்துக்கொள்ளும். வாயைத் திறந்தால் கீச்சென்று ஏதோ வரும், வகுப்பே சிரிக்கும். ஒரு நாள் போகாமல் இருந்தேன். அப்புறம் போகவே இல்லை. நைனா ஏனென்று கேட்டார். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. தோப்பு வேலைக்கு அனுப்பிவிட்டார்.

மூட்டத்துக்குக் கீழே காய்ந்த சருகு, மேலே குட்டையில் முக்கி எடுத்த வைக்கோல். தீ மேலே எட்டிப் பார்த்தால் இன்னும் ஒரு கை ஈர வைக்கோலை அதன் தலையில் வைத்து அமுக்குவாய். "எரிஞ்சா தப்பு, பொகஞ்சா சரி" என்பாய். புகை கிளைகளுக்குக் கீழே பரவி நின்று, பூவில் பனி கோக்க விடாது. வெயில் ஏறும்வரை அது கலையாமல் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டுக் கன்றுகளுக்கு வேறு வேலை. கிழக்குப் பக்கம் மட்டும் திறந்துவைத்து, மற்ற மூன்று பக்கமும் பனையோலை கட்டுவோம். கட்டும்போது நீ ஒவ்வொரு கன்றோடும் பேசுவாய். "இன்னாடி, குளிருதா? முக்காடு போட்டுக்கோ. கல்யாணப் பொண்ணு மாரி இருக்க." நான் சிரித்தால் என் பக்கம் திரும்புவாய். "இதுங்ககூட ஒரு நாளு பதில் சொல்லிடும்போல. நீ எப்போ சொல்லப் போற?"

மூட்டம் போட்டால் பத்தடி தள்ளி இருப்பவர் முகம் தெரியாது. அதனால் இந்தக் கோடியில் ஒருவர் குரல் கொடுத்தால் அந்தக் கோடியில் இருப்பவர் பதில் கொடுக்க வேண்டும் என்பது தோப்பு வழக்கம். ரயில்பாதையைத் தாண்டும்போது அது கட்டாயம். நம் ஊரும் குட்டையும் வைக்கோல் போரும் பாதைக்கு அந்தப் பக்கம், தோப்பு இந்தப் பக்கம். நடுவில் கேட் இல்லை, ஒற்றையடித் தடம்தான். தலையில் ஈரக் கட்டு இருக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. வைக்கோல் இரண்டு காதையும் மூடித் தொங்கும். இந்தப் பக்கத்தில் நிற்கும் ஆள்தான் "வா" என்றோ "நில்லு" என்றோ சொல்ல வேண்டும்.

முதல் வாரத்தில் நான் ஒரு தடவை "வா" என்று கத்தினேன். குரல் பாதியில் உடைந்தது. பக்கத்துத் தோப்புக் காவல்காரர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே மாதிரி கத்திக் காட்டினார். "டேய், இங்க பார்றா, குருவி கத்துது!" வேலி ஓரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீ வைக்கோல் கட்டைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாய்.

"யோவ், உன் கொரலக் கேட்டா எங்க பூவெல்லாம் உதுந்துடும். மூடிக்கினு போ!"

அவர் போய்விட்டார். எனக்கு மட்டும் அதற்குப் பிறகு அந்தப் பாதை அருகில் குரல் எழும்பவில்லை. நீ ஒன்றும் திட்டவில்லை. "சரி உடு. நீ கத்தாட்டி பரவால்ல, கைய ஆட்டு. நான் பாத்துக்கறேன்" என்றாய். பாதையோர மேட்டில் ஏறி நின்று நான் கையை ஆட்டினால் நீ நிற்பாய். சும்மா நின்றால் வருவாய். புகை அடரும் என்று தெரிந்த காலைகளில் மட்டும் நீ இருட்டு கலையும் முன்னரே வந்து, இரண்டு நடை வைக்கோலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, என் பக்கத்திலேயே இருந்துகொள்வாய். எனக்காகத்தான் அப்படிச் செய்தாய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பாதைக்கு அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி போகிற ரோட்டில் கம்பெனிக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. உனக்கு அதில் ஒன்றில் வேலைக்குப் போக ஆசை. "செருப்பு போட்டுக்கினு, டிப்பன் பாக்ஸ்ல நாஷ்டா எடுத்துக்கினு போவேன். நீ இங்க மாங்காகூட பேசாம உக்காந்துக்கினு இரு." உனக்கு எழுதத் தெரியாது. விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். கீழே நீ பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாய். அன்று நாம் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். "எனக்கு நீ எழுது. உனக்கு நான் கத்துறேன்."

இரண்டாவது தையில் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வருகிற திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, உனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாக வாசித்துக் காட்டினேன். நீ இன்னொரு தடவை படி, இன்னொரு தடவை படி என்று நான்கு தடவை படிக்க வைத்தாய். உன் அம்மா பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை நீ தாமதமாக வந்தாய். சந்தோஷத்தில் தூங்காமல் இருந்திருப்பாய்.

அன்று காற்றே இல்லை. காற்றில்லாத காலையில்தான் பனி அதிகம் கோக்கும். நான் தனியாகவே நான்கு மூட்டம் போட்டிருந்தேன். புகை தோப்புக்குள் போகாமல் பாதைமேல் படுத்துக்கிடந்தது. வழக்கமாக நாம் தீ மூட்டுவதற்கு முன்பே போய்விடுகிற விடியற்காலை பாசஞ்சர் பனியால் அன்று அதுவரை வரவே இல்லை. எனக்கு அது தெரியும். முதல் ஆளாகத் தோப்புக்கு வந்தவள் நான். உனக்குத் தெரியாது.

ரயில்பாதை வேலைக்காரர்கள் நான்கைந்து பேர் அப்போதுதான் வந்து வேலியோரம் குந்தி, என் மூட்டத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். காவல்காரரும் அவர்களோடு இருந்தார். நான் தள்ளி நின்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து உன் குரல் வந்தது.

"ஏய் பொண்ணு! வண்டி பூடுச்சா?"

எனக்குத் தெரிந்த பதில் மூன்றே வார்த்தை. வண்டி இன்னும் போவல. வாயைத் திறந்தேன். காவல்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏ குருவி, உன்னத்தான் கேக்குது. கூவேன்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். நான் கையை ஆட்டினேன்.

அக்கா, நான் மேட்டில் ஏறி நின்று கையை ஆட்டினேன். தாவணி முந்தானையைப் பிடித்துக்கூட ஆட்டினேன். என் கையே எனக்குத் தெரியாத அந்தப் புகைக்குள், நானே மூட்டிய புகைக்குள், நீ பார்த்துக்கொள்வாய் என்று ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

"வண்டி பூடுச்சாடி? சரி சரி, வரேன்."

வண்டி வருவதாக இருந்தால் இவள் எப்படியும் கத்திவிடுவாள் என்று நினைத்திருப்பாய். வேறு எதை நம்பி நீ கால் வைத்திருக்க முடியும்?

முதலில் என் காலுக்குக் கீழே சரளைக்கல் நடுங்கியது. விசில் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. பிறகு புகைக்குள்ளிருந்து வைக்கோல்தான் வந்தது. பிடிப்பிடியாகப் பறந்துவந்து என் முகத்தில் ஈரமாக ஒட்டியது. அதற்குமேல் எழுத மாட்டேன். நீ அங்கே இருந்தாய், உனக்குத் தெரியும்.

விசாரிக்க வந்தவர்களிடம் ஆண்கள் பேசினார்கள். பனி கண்ணை மறைத்துவிட்டது என்றார்கள். காவல்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பேசாத பெண்ணிடம் என்ன கேட்பார்கள்?

அந்த வருஷம் பாதையோர வரிசைதான் அதிகமாகக் காய்த்தது. அந்த ஒரு காலைப் புகை அவ்வளவு நன்றாக நின்றிருந்தது. தோப்பு மேஸ்திரி முதல் கூடைப் பழத்தை உன் அம்மாவிடம் என்னைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். உன் அம்மா ஒரு பழத்தைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே கேட்டார்கள்.

"நீ அங்கதானே இருந்த? எம்பொண்ணு ஒரு கொரல் குடுக்கலியா? உனக்கு எதுவும் கேக்கலியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். பொய் சொல்வதற்குக்கூட எனக்குக் குரல் வரவில்லை. அவர்கள் என் தலையைத் தடவினார்கள். "நீ இன்னா பண்ணுவ, ஊமக் கொழந்த" என்று சொல்லி அந்தப் பழத்தை என் கையிலேயே வைத்தார்கள். அதை நான் தின்னவும் இல்லை, எறியவும் இல்லை. அரிசிப் பானைக்குள் கிடந்து சுருங்கிப்போனது.

இப்போது எனக்குப் பதினேழு. நீ என்னை முதலில் பார்த்தபோது உனக்கிருந்த வயது. மூட்டம் போடும் பொறுப்பு என்னுடையது. பனி விழுகிற காலைகளில் அந்தப் பக்கத்திலிருந்து நீ கேட்பது எனக்குக் கேட்கிறது. நேற்றும் கேட்டது. தடத்தில் யாரும் இல்லை, குட்டையில் யாரும் இல்லை. பாசஞ்சர் எப்போதோ போயிருந்தது. ஆனாலும் மேட்டில் ஏறி நின்று பதில் கொடுத்தேன்.

"வண்டி இன்னும் போவல!"

இரண்டு வருஷமாக அப்படித்தான் கொடுக்கிறேன். என் குரல் இப்போது பாதையைத் தாண்டிப் போகிறது, அக்கா. கீச்சென்றுதான் இருக்கிறது, ஆனால் உடைவதில்லை. காவல்காரர் சிரிப்பதில்லை. நான் கத்தும்போது அவர் வேலைக்கு நடுவில் அப்படியே குனிந்து நிற்பார். வைக்கோல் கொண்டுவருகிற பெண்களும் நான் சொன்னால்தான் கால் வைக்கிறார்கள்.

ஒருவருக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். கோபமாக இல்லை, தண்ணீர் கேட்பது மாதிரி. நீ கடைசியாக என்ன சொன்னாய் என்று தெரிந்தால் போதும் அவர்களுக்கு. அது என்னிடம் இருக்கிறது. "சரி சரி, வரேன்." அதைக் கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் நடந்ததையும் கொடுக்க வேண்டும்.

அதற்காகத்தான் இதை எழுதினேன். உனக்கென்று ஆரம்பித்தேன், உனக்கென்றே முடிக்கிறேன். ஆனால் நாளைக்கு மூட்டம் அணைந்ததும் இதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போவேன். தாளை நீட்டிவிட்டு ஓடிவர முடியாது. உன்னைப்போலவே உன் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், நான்தான் சத்தமாக வாசிக்க வேண்டும்.